எனக்குத் தெரியாமல் இரண்டு அறைகள்

என் வீட்டுக்காரர் எனக்கு முன்பே மகன் இருக்கும் பெர்மாஸ் ஜெயாவுக்குக் குடிபோய்விட்டார். அவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. போனது அவருடைய படம். நான் அப்போது ஈப்போ பக்கம் ஒரு கல்யாணத்துக்குச் சமையல் ஆட்களோடு போயிருந்தேன். லாபிஸில் ரயிலை விட்டு இறங்கி, நடந்து வந்து, வீட்டுக் கதவைத் திறந்தால் எதிர்ச் சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம். சுற்றிலும் ஊதுபத்திப் புகை பிடித்து மங்கிய சுவர், நடுவில் அது மட்டும் பளிச்சென்று இருந்தது. மாலை இல்லை. கீழே எரிகிற சின்னச் சிவப்பு விளக்கும் இல்லை.

திருடன் என்றுதான் நினைத்தேன். ஆனால் தொலைக்காட்சி இருந்தது, கேஸ் தோம்பு இருந்தது, பித்தளை அண்டா இருந்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு, கோட்டும் டையும் போட்ட ஒரு கறுத்த மனிதரின் படத்தை மட்டும் தூக்கிப்போகிற திருடன் எந்த ஊர்க்காரனாக இருப்பான் என்று யோசித்துக்கொண்டே பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். என் மகன் காலையில் காரில் வந்தானாம். வாசலில் தேங்காய் உடைத்தானாம். படத்தை முன்சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டுக் கூட்டிப்போனானாம். போகும்போது படத்திடம் ஏதோ சொல்லிக்கொண்டே போனான் என்றார்.

மகனைக் கூப்பிட்டேன்.

"அப்பா இங்கதாம்மா இருக்காரு. நல்ல நேரம் பாத்துத்தான் கூட்டிட்டு வந்தேன். நீ சாமானெல்லாம் கட்டி வையி, அடுத்த வாரம் லோரி கொண்டாறேன்."

சாப்பிட்டுவிட்டுப் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். வயிறு காலியாக இருக்கும்போது பிள்ளைகளோடு பேசக் கூடாது என்பது என் பழக்கம்.

எங்கள் ஆட்களுக்குள் அப்பா படம் என்பது சுவருக்கு அழகாக மாட்டுவதில்லை. தீபாவளிக்கு முதல் நாள் அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, ஆட்டுக்கறி, முறுக்கு, ஒரு பாட்டில் பீர் என்று இலை போட்டு அந்தப் படத்துக்கு முன்னால்தான் படைப்போம். படம் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் எல்லாரும் வர வேண்டும். அம்மா இருக்கிற வீட்டில்தான் படம் இருக்கும். படம் இருக்கிற வீட்டில்தான் அம்மா இருப்பாள். ஆக, என் மகன் என்னை வரச்சொல்லிக் கேட்கவில்லை. அவரைத் தூக்கிப்போய்விட்டான், நான் பின்னாலேயே வந்துதான் ஆக வேண்டும் என்ற கணக்கில். 'அம்மா, எங்களோட வந்து இருக்கியா?' என்று கேட்பது அவன் வரைக்கும் மரியாதைக் குறைவு. கேட்டால், வர மாட்டேனோ என்ற சந்தேகம் இருந்தது போலாகிவிடும் அல்லவா.

அந்தப் படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் லோரி ஓட்டியவர். வாழ்நாளில் டை கட்டியதில்லை. இறந்த பிறகு லைசென்ஸில் ஒட்டியிருந்த முகத்தைக் கொடுத்தோம். கடைக்காரர் கழுத்துக்குக் கீழே வேறு யாருடைய கோட்டையோ ஒட்டிக் கொடுத்துவிட்டார். முதல் வருடம் எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தாலே சிரிப்பு வரும். பிறகு பழகிவிட்டது. இப்போது என் நினைவிலேயே அவர் கோட்டோடுதான் வருகிறார்.

மகன் ஏன் திடீரென்று இப்படிக் கிளம்பினான் என்பதற்குக் காரணம் சில வாரங்களுக்கு முன் எனக்கு வந்த டெங்கிக் காய்ச்சல். ரயிலில் போகும்போது எங்கேயோ கொசு கடித்திருக்கிறது. எலும்பெல்லாம் வலித்தது. பக்கத்து வீட்டு அம்மாவின் மகன் சிகாமாட் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டான். ஊசி போட்டார்கள், தண்ணீர் ஏற்றினார்கள், கஞ்சி கொடுத்தார்கள். எதிர்க் கட்டிலில் ஒரு சீனக்கிழவி, நல்ல பேச்சுக்காரி. சரியானதும் வீட்டுக்கு வந்து, வந்த பிறகு பிள்ளைகளுக்குச் சொன்னேன். காய்ச்சல் அடிக்கும்போது சொல்லி என்ன செய்வது, அவர்களா கொசுவைப் பிடிக்கப் போகிறார்கள்?

மகள் அழுதாள். மகன் அழவில்லை, கத்தவும் இல்லை. போனை வைத்துவிட்டான். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் ஓரிடத்தில் இருந்து பழகியவள் இல்லை. லாபிஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அதோடு அம்மாவுக்கு மரம் வெட்டிப் பால் எடுக்க ஒரு கை வேண்டியிருந்தது, நின்றுவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனைத் தோட்டம், அப்புறம் பாசிர் கூடாங்கில் ரேடியோப் பெட்டிக்குள் கம்பி ஒட்டும் தொழிற்சாலை, அப்புறம் சிங்கப்பூரில் அலுவலகம் துடைக்கிற வேலை. விடியற்காலையில் எல்லையைத் தாண்டிப் போய், இருட்டியதும் திரும்பி வருவோம். கால் வீங்கும். வீங்கின காலோடு அடுத்த நாளும் போவோம். அந்தத் தொழிற்சாலை மூடினால் இந்தத் தொழிற்சாலை, இந்த முதலாளி கத்தினால் அந்த முதலாளி. அவரோ லோரியில் தாய்லாந்து எல்லை வரை போகிறவர். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தால் பிள்ளைகள் பயந்துபோவார்கள், யாராவது செத்துவிட்டார்களா என்று.

பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வழியில் போன பிறகு, லாபிஸுக்கே வந்து தாமான் குடியிருப்பில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். கல்யாணச் சமையல் ஆட்களோடு சேர்ந்துகொண்டேன். வெங்காயம் உரிப்பேன், அப்பளம் பொரிப்பேன், ஊர் ஊராகப் போவேன். சமையல் இல்லாத வாரத்தில் சும்மாவே ரயில் ஏறுவேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அந்தக் கதவுச் சாவி என் இடுப்பில் இருக்கும்வரை, எங்கே போனாலும் திரும்பி வருவதற்கு எனக்கு ஒரு இடம் இருக்கிறது. அதைத்தான் மகன் லோரி கொண்டுவந்து காலி செய்யப் பார்த்தான்.

மகளுக்குச் செய்தி எட்ட அரைநாள்கூட ஆகவில்லை. அவள் சிம்பாங் ரெங்கத்தில் இருக்கிறாள். வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். மருமகன் எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறவர், கேட்டால் மட்டும் பேசுவார். அவள் போனில் எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

"அப்பாவ யாரக் கேட்டு அண்ணன் தூக்கிட்டுப் போனாரு? அவருக்கு மட்டும்தான் அப்பாவா?"

பேசப் பேசத்தான் தெரிந்தது, அவளும் சும்மா இருக்கவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து போனதை நான் சொன்ன மறுநாளே தையல் மெஷின்களை ஹாலுக்குத் தள்ளிவிட்டு, அந்த அறையில் கட்டில் போட்டு, திரை மாட்டி, எனக்குப் பிடித்த பச்சை நிறத்தில் சுவரடித்து வைத்திருந்தாள். தீபாவளிக்கு வரும்போது காட்டி என்னைத் திகைக்க வைக்கலாம் என்றிருந்தாளாம். அங்கே பெர்மாஸ் ஜெயாவில் அண்ணன் சமையலறைக்குப் பக்கத்தில் சுவர் எழுப்பி, ஏர்கோன் வைத்து, வேறொரு அறை கட்டி முடித்திருந்தான். அதுவும் திகைக்க வைக்கத்தான். எனக்குத் தெரியாமல் ஜொகூரில் எனக்கு இரண்டு அறைகள் தயாராகிவிட்டன. என் கையில் இருந்த ஒரே வீட்டைத்தான் காலி செய்யச் சொல்கிறார்கள்.

இரண்டு பேரும் என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு பேரும் தனித்தனியாக என் தம்பியைக் கூப்பிட்டார்கள். தாய்மாமன் வந்து பேசினால்தான் பேச்சு என்பது எங்கள் வழக்கம். என் தம்பி குளுவாங்கில் இருக்கிறான். பல வருடம் தோட்டத்தில் மண்டோராக இருந்து, ஆட்களை வேலைக்கு அனுப்பி, அவர்கள் சண்டையைத் தீர்த்து வைத்தே பழகியவன். ஓய்வு பெற்ற பிறகு தீர்த்து வைக்கச் சண்டை கிடைக்காமல் வாடிப்போயிருந்தான். இந்த அழைப்பு வந்ததும் வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பெர்மாஸ் ஜெயாவில் மகன் வீட்டில் கூடினோம். நான் லாபிஸிலிருந்து ரயிலிலேயே போனேன். லோரி வர வேண்டாம், பேசிவிட்டுப் பார்க்கலாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். ஹாலில் அவர் புதுச் சட்டத்துக்குள் இருந்தார். சுற்றிலும் கலர் கலராக மின்னும் விளக்கு. கோட்டும் டையும் அந்த வெளிச்சத்தில் பச்சையாகவும் சிவப்பாகவும் மாறி மாறித் தெரிந்தன. ஏதோ விளையாட்டுப் பார்க்கில் டிக்கெட் கிழிக்கிறவர் மாதிரி இருந்தார். நான் சொல்லவில்லை, மகன் ஆசையாக மாட்டியிருக்கிறான்.

தம்பி நாற்காலியை இழுத்து நடுவில் போட்டுக்கொண்டான். மகனும் மருமகளும் ஒரு பக்கம், மகளும் மருமகனும் மறுபக்கம். எனக்கு ஒரு தட்டு நிறைய சின்ன வெங்காயம் கொடுத்தார்கள், உரித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். மதியத்துக்கு மீன் குழம்பு.

தம்பி தொண்டையைச் செருமி ஆரம்பித்தான். பேச்செல்லாம் 'அக்கா', 'அம்மா' என்றுதான் போயிற்று. ஆனால் யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அம்மாவுக்குப் படி ஏற முடியாது என்றான் மகன். அம்மாவுக்கு ஏர்கோன் ஒத்துக்காது என்றாள் மகள். அம்மா தனியாக இருக்கப் பயப்படுவாள் என்றான் தம்பி. நான் உரித்த வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு அம்மாவைப் பற்றி, நல்ல மனதோடு, மிகத் தப்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அம்மா மகள் வீட்டுல போயி இருந்தா, என்ன என்னன்னு பேசுவாங்க மாமா?" என்றான் மகன்.

"பேசறவங்களா வந்து அம்மாவுக்குக் கஞ்சி வெச்சுக் குடுக்கப் போறாங்க?" என்றாள் மகள்.

தம்பி கையை உயர்த்தினான். ஆளுக்கு ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள், படத்தைத் தீபாவளிக்குத் தீபாவளி மாற்றிக்கொள்ளுங்கள் என்று தீர்ப்புச் சொன்னான். அதுவரை அடித்துக்கொண்டிருந்த அண்ணனும் தங்கையும் அந்த இடத்தில் ஒன்றாகிவிட்டார்கள். "அம்மா என்ன பந்தா, இங்கயும் அங்கயும் உருட்ட?" என்று மகள் கேட்க, "அதான லா" என்றான் மகன். எங்கள் பழைய தோட்டத்தில் ஒரு கிழவர் இருந்தார். அவருடைய மகன்கள் அவரை மாதத்துக்கு ஒரு வீடு என்று பையோடு கொண்டுபோய் விடுவார்கள். ஊரே காறித் துப்பும். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். பெற்றவளை மாற்றி மாற்றி வைப்பதைவிடப் பெரிய அவமானம் அவர்களுக்கு இல்லை.

அந்தக் கிழவர் மனமில்லாமல் போனார் என்பதுதான் கொடுமை. போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவளுக்கு அது கொடுமை இல்லை. ஆனால் அதை யாரும் கேட்டால்தானே சொல்ல முடியும்.

தம்பிக்குத் தன் தீர்ப்பு தள்ளுபடியானதில் வருத்தம். கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு முகம் தெளிந்தது. மச்சானையே கேட்டுவிடலாம் என்றான். மச்சான் என்றது படத்தை. பூக்கட்டிப் பார்ப்போம், அவர் சொல்வதுதான் முடிவு, அதற்கு மேல் யாரும் பேசக்கூடாது என்றான். கோயிலில் சாமி முன்னால் செய்வதுதான். இரண்டு பொட்டலத்தில் இரண்டு நிறப் பூவை மடித்து வைத்து, ஒன்றை எடுத்துப் பார்த்து, வந்த நிறத்தை உத்தரவாக எடுத்துக்கொள்வது. மகனுக்குச் சிவப்பு, மகளுக்கு வெள்ளை. படத்துக்குப் போட்டிருந்த மாலையிலிருந்தே இரண்டு பூவைக் கிள்ளினான். சமையலறையிலிருந்து வாழையிலை கேட்டான். இலை இல்லை, மருமகள் ரொட்டி சானாய் வாங்கி வந்த பழுப்புத் தாளைக் கிழித்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டு படத்துக்கு முன்னால் கை கூப்பி நின்றுவிட்டார்கள். மருமகன்கூட எழுந்து நின்றார். பொட்டலத்தை எடுக்க மருமகளைக் கூப்பிட்டான் தம்பி.

மருமகள் அசையவில்லை. அவள் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், சிரித்த முகக்காரி, பெரியவர்கள் முன்னால் அதிகம் பேச மாட்டாள்.

"ஏங்க மாமா, அத்தை இங்கதான உக்காந்திருக்காங்க. அவங்களையே கேட்டா என்ன?"

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அந்த வீட்டில் இருப்பதை அப்போதுதான் கண்டுபிடித்தவன் மாதிரி பார்த்தான்.

நான் வெங்காயத் தட்டைக் கீழே வைத்தேன்.

"அவரு உசுரோட இருந்தப்பவே நான் எங்க போறதுக்கும் அவரக் கேட்டதில்ல. இப்பப் போயி எதுக்குத் தொந்தரவு பண்றீங்க?" என்றேன்.

முதலில் சிரித்தது மருமகள்தான். பிறகு மருமகன். மகள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கைச் சிந்தினாள். மகன் மட்டும் சிரிக்கவில்லை.

சிரித்து முடிந்ததும், சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. நானும் இத்தனை நாள் வாயைத் திறக்காதவள்தானே. பிள்ளைகளிடம் 'நான் கிடையில் விழுந்தால்' என்று தொடங்கினாலே 'வாயக் கழுவுமா' என்பார்கள். அவர்கள் கழுவச் சொன்னதும் எனக்கும் வசதியாக இருந்தது. கழுவிவிட்டு ரயில் ஏறிவிடுவேன். இந்த முறை கழுவப் போவதில்லை என்று சொல்லிவிட்டே ஆரம்பித்தேன்.

லாபிஸ் வீட்டை விட மாட்டேன் என்றேன். பஸ் படியில் என் காலால் ஏற முடிகிறவரை அந்தச் சாவி என்னிடம்தான் இருக்கும். இங்கேயும் வருவேன், அங்கேயும் வருவேன். இரண்டு அறையையும் பார்க்க எனக்கு ஆசைதான். நீங்கள் என்னை உருட்டினால்தான் அவமானம். நானாக உருண்டு வந்தால் யார் என்ன சொல்வது? எங்கே போனாலும் போகும் முன்பே சொல்கிறேன், காய்ச்சல் வந்தாலும் வந்த அன்றே சொல்கிறேன், அது என் பங்கு என்றேன். மகள் தலையாட்டினாள். மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏற முடியாமப் போனா?" என்றான்.

அதுதான் உண்மையான கேள்வி. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வந்ததுதான்.

"ஏற முடியாமப் போனா, உன் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்யா."

தம்பி நாற்காலியில் நெளிந்தான். மருமகள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். மகன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, இருந்தாலும் பார்த்தேன்.

"ஏம்மா? நான் என்ன கொற வெச்சேன்?"

"ஒரு கொறையும் இல்ல. நீ காலைல நாலு மணிக்கே மோட்டார் எடுத்துட்டு சிங்கப்பூருக்குப் போற. இவ ஏழு மணிக்குப் போறா. நான் இங்க கேட்டப் பூட்டிக்கிட்டு அந்த ஏர்கோனப் பாத்துக்கிட்டு உக்காரணும். அவ வீட்டுல நாளெல்லாம் ஆளு வரும் போகும், ரவிக்கை அளவு குடுக்க. பேச்சுச் சத்தம் இருக்கும்."

"அதுக்கு ஆள் வெச்சுக்கலாம்மா."

"இன்னொன்னு இருக்குயா. குளிப்பாட்டணும், துணி மாத்தணும், கழுவி விடணும். அதுக்கு மக கைதான் எனக்கு வேணும். நீ தொட்டா எனக்குக் கூச்சமா இருக்கும். மருமவளுக்கும் அந்த வேலையக் குடுக்க மாட்டேன், அவ என்கிட்ட சிரிச்சுப் பேசறா, அது அப்படியே இருக்கட்டும்."

சொன்ன பிறகு நெஞ்சு லேசாகிவிடும் என்பார்கள். அப்படியெல்லாம் இல்லை. மகன் எழுந்து வாசலுக்குப் போய், ஏற்கனவே கழுவியிருந்த மோட்டார் சைக்கிளை மறுபடி கழுவ ஆரம்பித்தான். மகள் அவன் பின்னாலேயே போகப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். மருமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மீதி வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

"கவலப்படாதீங்க அத்தை. அவருக்குக் கோவம் வந்தா மோட்டாருக்கு நல்லது" என்றாள்.

தம்பி மட்டும் அந்த இரண்டு பழுப்புப் பொட்டலங்களை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்திருந்தான். சாமிப் பூவைக் கீழே போடவும் முடியாது. கடைசியில் இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

சாப்பிட எல்லாரும் உட்கார்ந்தபோது மகனுக்கு நானே மீன் தலையை எடுத்து வைத்தேன். அப்பா இங்கேயே இருக்கட்டும் என்று சொன்னேன். படையல் இனி இந்த வீட்டில்தான், தங்கச்சி பலகாரம் செய்து எடுத்து வருவாள், நான் ஆட்டுக்கறி வைக்கிறேன். கொள்ளி வைக்கிற உரிமையும் உன்னுடையதுதான், அதை எந்த வீட்டுக்கும் மாற்றவில்லை. விளக்கை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள் என்றேன். அவன் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டான். வயிறு நிறைந்தால் பேசுவான்; அவன் என் பிள்ளை.

மகளும் மருமகனும் முதலில் கிளம்பினார்கள். தம்பியும் அவர்களோடேயே போனான். நான் ரயிலுக்குப் போகிறேன் என்றபோது மகன் கார்ச் சாவியை எடுத்துவிட்டான். நான் விவாதம் செய்யவில்லை. அன்றைக்கு நான் நிறையச் செய்துவிட்டேன்.

கூலாய் தாண்டிவிட்டோம். இரண்டு பக்கமும் செம்பனை ஓடிக்கொண்டிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதுதான் ஆரம்பித்தான்.

"மா. டாக்டரு கேட்டா நான் என்ன சொல்லணும்?"

எதைக் கேட்கிறான் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவனுடைய அப்பா பக்கவாதம் வந்து விழுந்தபோது நான் சிங்கப்பூரில் வேலையில் இருந்தேன். தகவல் வந்து ஓடினால் எல்லையில் பஸ் நகரவில்லை. பாலத்தின் மேலேயே நின்றுகொண்டிருந்தேன். அங்கே ஆஸ்பத்திரியில் மூச்சு மெஷின் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். கேட்க வேறு ஆளில்லை. அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த பையன் இவன். வையுங்கள் என்று சொல்லியிருக்கிறான். அதன் பிறகு அவர் எழுந்திருக்கவும் இல்லை, உடனே போகவும் இல்லை. நீண்ட நாள் கிடந்தார். அதைப் பற்றி நாங்கள் பேசியதே கிடையாது. பேச என்ன இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன்.

"அப்பா அப்படிக் கெடந்தது என்னாலதான்னு தோணிட்டே இருக்கும்மா. நான் சொன்னது சரியா தப்பான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. நீ ஆஸ்பத்திரில இருந்தத அப்பறம் சொன்னியே, எனக்கு அதான் ஓடுச்சு. திரும்பவும் என்னையக் கேப்பாங்க, எனக்குத் தெரியாதுன்னு. அதான் நீ கிட்டக்க இருந்தா..."

அவன் முடிக்கவில்லை. படத்தைத் தூக்கிப்போனதற்கு ஊரும் மானமும் காரணம் என்று நான் நினைத்திருந்தேன். அதுவும் இருக்கலாம். அடியில் இது இருந்திருக்கிறது.

"அன்னைக்கு என்னைக் கேட்டிருந்தாலும் வையுங்கன்னுதான் சொல்லிருப்பேன். நீ சொன்னது என் வாயால சொன்ன மாதிரிதான்" என்றேன். அது உண்மை. "எனக்குன்னு வந்தா மெஷின் வேணாம். வலி இல்லாமப் பாத்துக்கச் சொல்லு. பக்கத்துல யாராச்சும் பேசிக்கிட்டு இருங்க, சத்தம் கேக்கட்டும். அவ்வளவுதான்."

"மெஷின் வேணாம்" என்று திருப்பிச் சொன்னான்.

"வேணாம்."

"வலி இல்லாம."

"ஆமா. யாராச்சும் பேசணும். உன் மாமன மட்டும் பேச விட்றாதீங்க, தீர்ப்பு சொல்ல ஆரம்பிச்சுடுவான்."

அன்றைக்கு முதல் தடவையாக அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே தங்கச்சியைப் போனில் கூப்பிட்டு, காரின் ஒலிபெருக்கியில் போட்டான். அம்மா ஒன்று சொல்கிறாள், நீயும் கேட்டுக்கொள், நாளைக்கு நான் மட்டும் கேட்டேன் என்று இருக்கக்கூடாது என்றான். அவள் வழக்கம்போல வாயைக் கழுவச் சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "சொல்லுமா" என்றாள். நான் மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். நெடுஞ்சாலையில் லோரிகள் எங்களை முந்திப் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷினை நிறுத்தினாள். பிறகு, "சரிமா" என்றாள்.

சிம்பாங் ரெங்கம் பிரிவு வந்ததும் மகன் இடது பக்கம் விளக்குப் போட்டான். லாபிஸுக்கு இன்னும் தள்ளிப்போய் யோங் பெங்கில்தான் இறங்க வேண்டும். வழி தவறிவிட்டான் என்று நினைத்தேன்.

"அந்த ரூமப் பாத்துட்டுப் போலாம். பாத்ரூம் எப்படி இருக்குன்னு பாக்கணும். அவளுக்குச் சுவரடிக்கத்தான் தெரியும்" என்றான்.

மகள் கதவைத் திறந்தபோது அவன் அறையைப் பார்க்கவே இல்லை. நேராகக் குளியலறைக்குள் போய்விட்டான். அவனுக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை மெஷின்களைப் பழுது பார்க்கிற வேலை. சுவரைத் தட்டினான், தரையில் காலை வைத்துத் தேய்த்தான், ஓடு வழுக்குகிறது என்றான், பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை என்றான். நாளைக்கேவா அம்மா வந்துவிடப் போகிறாள் என்று மகள் கேட்டாள். அவன் காதில் போட்டுக்கொள்ளாமல் அளவு நாடா கேட்டான். அவள் கழுத்தில் கிடந்த தையல் நாடாவைக் கழற்றிக் கொடுத்தாள்.

டாய்லெட் மூடி மேல் உட்காரச் சொன்னான், உட்கார்ந்தேன். எழுந்திருக்கச் சொன்னான், எழுந்தேன். இப்போதைக்கு எனக்குக் கம்பி ஒன்றும் தேவையில்லை, பார், எப்படி எழுந்தேன் என்று காட்டினேன்.

"தெரியும்மா. கையை நீட்டு" என்றான்.

நீட்டினேன். என் கை எட்டிய இடத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டான்.